ஒத்த நிறை

"ஆக்கள் வர முன்னம் உதுகளைக் கொண்டுபோய் எறி, பிள்ளை."

அம்மா மார்கிரட் குப்பைப் பையை விரித்துப் பிடித்திருந்தாள். நிரஞ்சலா குசினி மேசையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். அதில் அப்பாவின் வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதுகள், துடைத்த பித்தளை மினுக்கத்தோடு, வாய் மேலே பார்க்க நின்றன.

"இது வெறும் கோதம்மா. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை."

"வெறும் கோது! சண்டை நேரம் மன்னாரிலை விடிய முற்றம் கூட்டேக்கை விளக்குமாத்திலை வந்ததும் வெறும் கோதுதான்."

அப்பா சவிரிமுத்து இறந்து நான்கு நாள். லா சப்பலில் உணவகக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இன்று பின்னேரம் இரண்டு மணிக்குத் தேவாலயத்தில் பூசை, பிறகு அடக்கம்.

பதினொரு வருடமாக ஞாயிறுகளில் அவர் ஆர்ஜொந்தெய்யில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்வந்தார். துப்பாக்கி அங்கேதான் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்தவை சுட்டு முடிந்த கோதுகள் மட்டும். வெடிப்பு விழுந்ததை ஒதுக்கி, வாயை ஒரே நீளத்துக்குச் சீவி, சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, நிறை ஒத்ததைச் சேர்த்து வைப்பார். அப்படிச் சேர்த்துத் திரும்ப நிரப்பினால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் போய்ப் படுமாம். அவர் தராசை எடுத்ததும் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள்.

அழைப்புமணி அடித்தது. நிரஞ்சலா தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். கறுப்புக் கோட்டோடு ஒரு வயதான பிரெஞ்சுக்காரி. கிளப்பிலிருந்து வருவதாகவும் பெயர் ஜிஸ்லேன் என்றும் சொல்லி, நடுங்கும் விரல்களால் பூங்கொத்தை நீட்டினாள். குசினிக்குள் வந்தவள் தட்டைப் பார்த்ததும் நின்றாள். பிரெஞ்சில் ஏதோ மெல்லச் சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"இது இவவின்ரை கோதுகளாம். கை நடுங்கிறதாலை அப்பாதான் தரம் பிரிச்சுக் குடுக்கிறவராம்."

அம்மா பையை மடக்கினாள். "உன்ரை கொப்பர் எப்பிடிச் சுடுறவர் எண்டு கேள்."

ஜிஸ்லேன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். அவள் சொல்லி முடித்ததும் நிரஞ்சலா தட்டிலிருந்து ஒரு கோதை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள்.

"சொல்லன்."

"வெடிச் சத்தத்துக்குக் கண்ணை இறுக்கி மூடிப்போடுவாராம். முதல் வருசத்துக்குப் பிறகு துவக்கைத் தொடேல்லையாம். பின்னாலை இருந்து, விழுகிற கோதைப் பொறுக்குவாராம்."

அம்மா யன்னல் பக்கம் திரும்பினாள். மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை," என்றாள்.

பிறகு, "இன்னும் எத்தினை கிடக்கு?"

நிரஞ்சலா எண்ணினாள். "நிறுக்காதது பத்தொன்பது."

அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அப்பாவின் கதிரையில் அமர்ந்தாள். "அவவையும் இருக்கச் சொல்லு. எப்பிடி நிறுக்கிறதெண்டு கேள்."

ஜிஸ்லேன் சொல்லச் சொல்ல நிரஞ்சலா தமிழில் சொன்னாள். அம்மாவிடம் கண்ணாடி இல்லை. மகள்தான் தராசின் இலக்கத்தை வாசித்தாள். பதினொன்று தசம் இரண்டு கிராம். அதுவும் அப்படியே. பதினொன்று தசம் ஐந்து.

"இது சேராது," என்று அம்மாவே தள்ளி வைத்தாள்.

கைபேசி அடித்தது. "பூசைக்குக் கூட்டிக்கொண்டு போக செபஸ்டியன் மாமா காரோடை கீழை நிக்கிறாராம்."

"நிக்கட்டும்."

அம்மா அடுத்த கோதை எடுத்தாள். உள்ளே தூசி இருப்பதுபோல் தோன்றியிருக்க வேண்டும். வாயருகே பிடித்து ஊதினாள். அது மெல்லியதாக விசிலடித்தது. பிறகு அம்மா அதைத் தராசில் வைத்தாள்.