பதினாறு படி

தம்பி கடைசியாகக் கேட்டது மார்க்கர் பேனாவை. பல் டாக்டரம்மா வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களுக்குப் பழைய செய்தித்தாள் சுற்றிக்கொண்டிருந்த அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பேனாவை நீட்டினாள். வாங்கியவன், வாணலிகள் அடுக்கிய அட்டைப்பெட்டியின் மேல்மூடியில் குனிந்து கிறுக்கத் தொடங்கினான்.

"முடிச்சியாடா? டேப் போடணும். வண்டிக்காரண்ணன் ஹார்ன் அடிச்சே ஊரக் கூட்டிருவாரு."

"மூணாவது சரணம்க்கா! முழுசா வந்துருச்சு. அப்படியே ஊத்துது."

"போன்ல எழுத வேண்டியதுதான?"

"சார்ஜ் போயி மூணு மணி நேரம் ஆச்சு. நாளைக்கு இறக்குறப்போ பாத்துக்கலாம். பெட்டி எங்க ஓடிடப் போகுது? போடு, போடு."

அவள் படிக்கவில்லை. மூடிகள் சேரும் இடத்தில் பழுப்பு டேப்பை நீளமாக இழுத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

அன்று மாலை மழையில் அவன் இரவல் வாங்கி ஓட்டிய பைக் சறுக்கியது. அவன் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் அந்த வீட்டுச் சாமான்களை வேறு ஆட்கள் இறக்கினார்கள்.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவன் தூக்குகிறவன், அவள் பெட்டி கட்டுகிறவள். ராப் பாடுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து அட்டைப்பெட்டிதான் இருவருக்கும் நோட்டுப் புத்தகம். ஏற்றும்போது எழுதுவார்கள், இறக்கும்போது பார்த்துப் படியெடுத்துக்கொள்வார்கள். 'உடையும் பொருள், கவனம்' என்று இவள் எழுதியதற்குக் கீழே, 'கவனமாத்தான் தூக்குறேன், என் கனவும் உள்ள இருக்கு' என்று அவன் எழுதிவிடுவான். யாரோ ஒருவரின் மிக்சியோடு அதுவும் நாலு தெரு தாண்டிப் போகும்.

தொடங்கி வைத்ததே ஒரு படிக்கட்டுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், தலையில் மடக்கிய மெத்தையோடு ஏறிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்று கத்தினான்.

"அக்கா! ராப்புல ஒரு சரணத்துக்குப் பதினாறு வரி. நாம ஏறுற பில்டிங்குல முக்காவாசிக்கு ஒரு மாடிக்குப் பதினாறு படி. எவனோ நமக்காகவே கட்டின மாதிரி இல்ல?"

"மொதல்ல மெத்தைய இறக்கு. அப்புறம் கண்டுபிடி."

அன்று முதல் படிக்கு ஒரு வரி. பீரோவின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு பதினாறு வரியையும் திணறாமல் சொல்லி மாடி சேர்ந்தால் சரணம் தேறிவிட்டது என்று கணக்கு. மூச்சு முட்டினால் வரியில் சொல்லைக் குறைப்பான், பீரோவைக் குறைக்க முடியாதே. ஏதாவது கட்டிடத்தில் பதினெட்டுப் படி இருந்துவிட்டால் பதினேழாவதில் தடுமாறி நின்று, கட்டிய எஞ்சினியரின் ஏழு தலைமுறையையும் திட்டுவான். கம்பெனி லாரி ஓட்டும் வண்டிக்காரர் அவனுக்கு 'பதினாறு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

"ஊர்ல பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழுன்னு வாழ்த்துவாங்க. இவன் பதினாறு படியப் பெத்து வச்சிருக்கான்," என்பார்.

அக்காவின் பங்கு இரண்டு. டம்ளருக்குச் சுற்றும் செய்தித்தாளை வரிவிடாமல் படிக்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் சொல் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பாடும்போது, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவனோடு சேர்ந்து உரக்கச் சொல்வது இரண்டாவது வேலை. அது இருந்தால்தான் வரிக்கு முதுகெலும்பு இருக்கும் என்பான் தம்பி. கையில் காசு இல்லை. ஒத்திகைக்குப் பழைய மைக் ஒன்றை வாங்கி, காற்றடிக்காமல் இருக்க அதன் தலையில் அக்காவின் பழைய காலுறையை மாட்டினார்கள். "உன் காலுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சிரித்துச் சிரித்தே அன்றைய ஒத்திகை கெட்டது. கடை டீயை நிறுத்தினார்கள். பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். கடைசியில் ஸ்டுடியோவில் ஒரே ஒரு மணி நேரத்துக்கு முன்பணம் கட்டினார்கள்.

அந்த ஸ்டுடியோக்காரன், 'ஹெட்போன்' என்றால்தான் தெருவில் தெரியும், தம்பி போன பத்தாம் நாள் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னே தெரியல. ஆனா ஒண்ணு சொல்லணும். நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம பத்து மணி உங்க நேரம். அதுக்கப்புறம் ரூம காலி பண்றேன், வாடகை கட்டி முடியல. காச வேணா திருப்பித் தந்துடுறேன்."

"காசு வேண்டாம்ப்பா. வரேன்."

"யார் பாடுறது?"

"அதான் வரேன்னு சொல்றேன்ல."

பேசி முடித்ததும் போனில் இருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். அவன் குரல் எங்கும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. போனில் இருந்ததெல்லாம் படிக்கட்டு எதிரொலியும் மூச்சிரைப்பும்தான். பாட்டு வெளியே வரவேண்டும் என்றால் அவள்தான் பாட வேண்டும். முதல் இரண்டு சரணம் மனப்பாடம். மூன்றாவது, வாணலிப் பெட்டியின் மேல் இருக்கிறது. அந்தப் பெட்டி பிரிக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டிருந்தால்?

சனிக்கிழமை காலை வண்டிக்காரர் லாரியைத் திருப்பாத திருப்பமெல்லாம் திருப்பி, பல் டாக்டரம்மாவின் புது வீட்டு வாசலில் நிறுத்தினார். டாக்டரம்மா கதவைத் திறந்ததும் அக்கா மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினாள்.

"வாணலிப் பெட்டியா? நேத்துத்தாம்மா பிரிச்சேன். மேல என்னமோ எழுதியிருந்துச்சு. என் கையெழுத்தையே தோக்கடிச்ச கையெழுத்து! மருந்துச் சீட்டா இருக்குமோன்னு ரெண்டு தரம் பாத்தேன்."

"பெட்டி இருக்கா டாக்டர்?"

"பால்கனியில கட்டி வச்சிருக்கேன். பழைய பேப்பர்காரன் மத்தியானம் வருவான்."

பால்கனியில் முப்பது பெட்டிகள் தட்டையாக மடிந்து கயிற்றுக்குள் கிடந்தன. கயிற்றை வண்டிக்காரர் பல்லால் கடித்தார். "நான் இருக்குற எடத்துல அதச் செய்யாதீங்க," என்று டாக்டரம்மா கத்தியை நீட்டினார். மூவரும் தரையில் பரப்பித் தேடினார்கள். பதினோராவது பெட்டியில் இருந்தது.

அவள் முட்டிபோட்டுப் படித்தாள்.

*ஊரார் வீட்டத் தூக்குறோம், உள்ளங்கைத் தோலு உரியுது*
*ஒவ்வொரு படியா ஏறுறோம், ஒலகம் கீழ தெரியுது*
*சோபா உனக்குச் சொந்தம், அதோட சுமை எனக்குச் சொந்தம்*
*சாவி உனக்குச் சொந்தம், அந்தப் படிக்கட்டு எனக்குச் சொந்தம்…*

"அட படவா," என்றாள். பத்து நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். பதினாலு வரியோடு எழுத்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே அட்டையின் மேல்தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. டேப்பைப் பிய்த்தபோது கூடவே போயிருந்தது. டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தது அவள்தான்.

"டேப்பு எங்க டாக்டர்?"

"அது நேத்தே குப்பை வண்டியில போயிடுச்சும்மா."

வண்டிக்காரர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வரிதான போச்சு. இத்தன நாளா அவனுக்குச் சொல் எடுத்துக் குடுத்தது யாரு, நானா? எழுது தங்கச்சி."

"அவன் என்ன எழுதினான்னு தெரியாம எப்படிண்ணே?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

டாக்டரம்மா பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அட்டையை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்கக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தான் குடியிருந்த கட்டிடத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாடிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "வீடு மாத்துறீங்களா?" என்றாள். "இல்லங்க, பாட்டு மாத்துறேன்," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

ஞாயிறு பத்து மணி. ஸ்டுடியோ என்பது டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். மைக்கைச் சரிசெய்துவிட்டுத் தலையாட்டினான் ஹெட்போன். தாளம் தொடங்கியது.

நாலாவது வரியில் அவளுக்கு மூச்சு நின்றது. மறுபடி, நாலாவது வரி. மறுபடி, மூன்றாவது. வரியின் கடைசிச் சொல் மட்டும் பழக்கத்தில் இடிமாதிரி விழுந்தது. அதற்கு முந்திய சொற்கள் எல்லாம் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தன.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் வியர்வையைத் துடைத்தபடி. "என்னப்பா, எனக்கு நின்ன எடத்துல வரல. ஏறணும்."

"எங்கக்கா ஏறுறது? இது மேல மொட்டமாடிதான்."

அறை மூலையில் குளிர்பானப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவள் அதை மைக்குக்கு முன்னால் இழுத்தாள். கூடவே வந்திருந்த வண்டிக்காரர் யாரும் சொல்லாமலே கீழே ஓடி, பீரோவுக்குச் சுற்றும் கம்பளியைக் கொண்டுவந்து அதன்மேல் நாலாக மடித்துப் போட்டார். அவள் செருப்பைக் கழற்றினாள். ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். சத்தமே இல்லை.

"போடுப்பா!"

ஒரு ஏற்றத்துக்கு ஒரு வரி. முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. ஹெட்போன் நாற்காலியில் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தான். வண்டிக்காரர் கதவோரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மறு கையில் விரலுக்கு நாலு வரியாகக் கட்டைவிரலால் எண்ணினார். கீழே யாரும் காற்றடிக்கவில்லை. டயர் கடைக்காரர் படியில் வந்து நின்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது. மூன்றாவது சரணத்தில் தம்பியின் பதினாலு வரியும் அவள் வாயில் சுடச்சுட வந்தன. பதினாலு முடிந்தது. தாளம் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. ஏறினாள்.

*நீ விட்ட எடத்துல எடுக்குறேன், நிக்காம ஏறுறேன் பாரு*

இறங்கி, மறுபடி ஏறினாள்.

*மூச்சு வாங்கினா வாங்கட்டும், முழுப் பாட்டும் நம்ம பேரு!*

தாளம் நின்றது. வண்டிக்காரரின் கையில் எண்ண விரல் மிச்சமில்லை.

"அக்கா," என்றான் ஹெட்போன், "இத நான் தொடவே மாட்டேன். அப்படியே விடுறேன்."

"நேரம் இருக்கா?"

"ஆறு நிமிஷம் இருக்கு."

"அப்போ இன்னொரு தரம் எடு. இப்பதான் சூடு ஏறுது."

ஹெட்போன் சிரித்துவிட்டான். "ரூம் காலி பண்ண உங்க வண்டியத்தான் கூப்பிடணும்போல."

பாட்டு அந்த வாரமே வெளியே வந்தது. முதல் நாளில் கேட்டவர்களைவிட மூன்றாம் நாளில் கேட்டவர்கள் பல மடங்கு. தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள், தங்கள் மாடிப்படியில் ஏறிக்கொண்டே அதைப் பாடி அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மேடையேறக் கூப்பிட்டார்கள். பாடியவர் என்று போட்ட பெயர் 'பதினாறு' என்பதால், அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். "நாங்க ரெண்டு பேர்," என்று அவள் பதில் எழுதினாள்.

அந்த வாரம் கழிந்து திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அடுத்த வீடு. வண்டிக்காரர் இறங்கிப்போய் வாயில்காவலரிடம் விசாரித்துவிட்டு வந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "மூணு மாடி, மூணு சரணம்," என்று காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டாள் அக்கா.