இலைக்குள் தெரிந்த குசினி

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், யோகேஸ்வரனின் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருந்த பூச்சட்டிக்குள், அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அவன் மனைவி பிரியந்தி அங்கத்து வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பது ஒரு ஞாயிறு காலையில் தெரிந்தது. செடி அவள் வாங்கி வைத்ததுதான். கற்றாழைச் சாதி, உள்ளங்கையில் அடங்கும், இலை நுனிகள் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த நுனிக்குள் நக அளவில் அவள் நின்றாள். பக்கத்து வீட்டு ராசம்மா குனிந்து பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போயிட்டாளே தம்பி" என்றாள். வெயில் பட்டால் இலை சிவந்து கண்ணாடி மூடிக்கொண்டது. வீட்டுக்குள் வைத்தால் மங்கியது. அதனால் யோகேஸ்வரன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கும் போகாமல், சட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி நிழல் போன இடமெல்லாம் கூடவே போனான்.

அன்று போன் வந்தது. "நல்லாருக்கேங்க" என்றாள் பிரியந்தி. அதே நேரம் அவன் இலைக்குள் பார்த்தான். அவள் கை முழங்கைவரை வெந்திருந்தது. வீட்டுக்கார அம்மா போனை அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை வைத்த பிறகும் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரியந்தி குசினியில் இல்லாத நேரம் அந்த அம்மா பின்கதவைப் பூட்டி, சாவியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிப்பதைக் கண்டான். அடுத்த முறை போன் வந்தபோது சொன்னான்: "புள்ள, பதறாம கேளு. அரிசி டின்னுக்குப் பின்னுக்கு சாவி இருக்கு. சிரிச்சுக்கிட்டே ஆமான்னு சொல்லு."

"ஆமாங்க" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

வீட்டார் வெளியே போன ஒரு வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. பிறகு குசினி காலியாகக் கிடந்தது. நாட்கணக்கில் தகவல் இல்லை. லயமே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் காலிக் குசினியைப் பார்த்தது. கடைசியில் தூதரகத்திலிருந்து அவளே பேசினாள்.

ஐப்பசி மழையில் வந்து இறங்கினாள். சட்டியைக் காட்டினான். குனிந்து பார்த்தவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதே குசினியில் வேறொரு பெண், எந்த நாட்டுப் பிள்ளையோ, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தூதரகத்துக்குச் சொன்னார்கள். பேர் கேட்டார்கள், பேர் தெரியவில்லை.

செடி இப்போது குட்டி போட்டிருக்கிறது. ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போன லயத்துக்காரர்கள், அதில் தெரிகிறவர்களைப் பற்றிப் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் பேசிக்கொள்கிறார்கள். பிரியந்தி காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் சட்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டு, "போயிட்டு வர்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையை எடுக்கிறாள்.