கண்ணைத் திருப்பும் நரம்பு

"ஒட்டுமொத்தமா எடுத்துடுங்கம்மா. மிச்சம் மீதி வேண்டாம்," என்றாள் கிரேன் ஓட்டுபவரின் மனைவி.

அவர் குறுக்கிட்டார். "நீ சும்மா இரு. டாக்டரம்மா, பார்வை கெட்டா மேல ஏறி உட்காந்து என்ன பண்ணுவேன்? ஒரு கொக்கி ரெண்டா தெரிஞ்சா, கீழ நிக்கிறவன் கதி?"

"உசிரு இருந்தாத்தானே கொக்கி!"

மூளைக்கு அடியில், மண்டையோட்டின் தரையில் கட்டி. புற்று இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு எடுக்கலாம். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு, நூல் மாதிரி, கட்டியை உரசிக்கொண்டு போனதுதான் சிக்கல்.

"கட்டியில ஒரு துளி நரம்போட ஒட்டியிருந்தா, அதை மட்டும் விட்டுடட்டுமா?" டாக்டர் அவரைத்தான் கேட்டார். அவர் தலையாட்டினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சையில் கட்டி சொன்னபேச்சு கேட்டது. பஞ்சு பஞ்சாக வந்தது. கடைசியில் மிளகளவு ஒரு துண்டு மட்டும் நரம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"லேசா இழுத்தா வந்துடும் மேடம்," என்றார் உதவி டாக்டர்.

டாக்டருக்கும் கை துறுதுறுத்தது. அந்த மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. மெல்லத் தொட்டார். நரம்பைக் கண்காணிக்கும் கருவி படபடவென்று பொரிந்தது. கையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரை விட்டுக் காத்திருந்தார். சத்தம் அடங்கியது. சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார். நரம்பு பதில் சொன்னது, முன்னைவிடச் சன்னமாக.

"போதும். விட்டுடுவோம்."

கண்விழித்தவர், "ரெண்டு டாக்டரம்மா நிக்கிறீங்க. ஒருத்தரையே சமாளிக்க முடியல," என்றார். யாரும் சிரிக்கவில்லை. வலக்கண் வெளிப்பக்கம் திரும்ப மறுத்தது.

வெளியே மனைவி வெடித்தாள். "கட்டியையும் விட்டுட்டீங்க, கண்ணையும் கெடுத்துட்டீங்க!"

"நரம்பு அறுபடலம்மா. அதிர்ச்சியில இருக்கு. திரும்பிடும்னு நம்புறேன்."

"நம்புறீங்களா? தெரியாதா?"

"தெரியாது," என்றார் டாக்டர். அந்தத் துண்டைத் தொட்டிருக்கவே கூடாதோ என்ற எண்ணம் அவரை வீடுவரை விடவில்லை.

ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வந்துபோனார் கிரேன் ஓட்டுபவர். கண் இம்மியிம்மியாக நகர்ந்து, ஒருநாள் ஓரம்வரை போய்த் தொட்டது. டாக்டர் மறுபடி மறுபடி சோதித்துவிட்டு, கிரேனில் ஏறலாம் என்றார். அவர் அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

மனைவி கேட்டது ஒன்றுதான். "அந்தத் துண்டு?"

"அப்படியே இருக்கு. வளரல. வளர்ந்தா கதிர்வீச்சு கொடுக்கலாம். வருஷாவருஷம் ஸ்கேன் பண்ணணும்."

"எத்தனை வருஷம்?"

"அவர் இருக்கிற வரைக்கும்மா."

அவள் தலையாட்டினாள். கணவரின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "வாங்க," என்றாள்.