ஒரு முழம் விட்டேனே!

இருபது வருஷ சர்வீஸில் ஒரு கேஸ் கிடையாது. பஸ் டிரைவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் சைக்கிள்காரர்களைக் கண்டால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "கொசுங்க! பெரிய வண்டி வந்தா ஒதுங்கணும்னு தெரியாதா?" என்று ஹாரனை ஓர் அழுத்து அழுத்தி, உரசுகிற மாதிரி தாண்டுவார். கண்டக்டர் பதறினால், "ஒரு முழம் விட்டிருக்கேன்யா, நான் என்ன நேத்து பொறந்தவனா?" என்பார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்குப் பகீரென்றது. மனைவி சமையலறையில் முழங்கைக் கட்டைப் பிரித்து மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து, ரத்தம் இன்னும் கசிந்தது. மூன்று மாதமாகத்தான் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகத் தேடிக்கொண்ட முதல் வேலை. அச்சகம் பஸ் போகாத சந்துக்குள்ளே இருக்கிறது, சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"பஸ் ஒண்ணு தட்டிட்டுப் போச்சு. விழுந்துட்டேன்," என்றாள்.

"எந்தப் படுபாவி? அவனைச் சும்மா விடறதா? முதல்ல நீ அந்தச் சைக்கிளைத் தலைமுழுகு. நாளைக்கே வித்துடறேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! எந்த இடத்துல?"

"தபால் ஆபீஸ் வளைவுல. காலைல ஒம்பது மணி."

அந்த நேரத்தில் அந்த வளைவுக்கு வருவது ஒரே பஸ்தான், டிரைவருடையது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாகப் போன கொசு ஒன்றை அவர் தாண்டியது ஞாபகம் வந்தது. கொசுவின் முகத்தை எவன் பார்த்தான்?

"நான்... ஒரு முழம் விட்டேனே," என்றார்.

"பஸ் பாடியிலேர்ந்து விட்டீங்க. சைடு கண்ணாடி அதே ஒரு முழம் வெளியே நீட்டிட்டிருக்குல்ல? அதுதான் தோள்ல தட்டுச்சு."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் காது சுட்டது.

"நான்தான்னு தெரியுமா?"

"மழைக்காலம் ஆரம்பிச்சதிலேர்ந்து தெரியும். பின்னாடி அந்த ஹாரன் கேட்டாலே ஓரத்துக்கு ஒதுங்கிடுவேன்."

"அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் பல்லால் ஒரு முனையைப் பிடித்துக் கட்டை இறுக்கினாள்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? இப்பச் சொன்ன மாதிரி, என் சைக்கிளைத்தானே நிறுத்தியிருப்பீங்க?"