கடைசித் திரைக்குப் பிறகு

யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை விரல்நுனியில் வைத்திருந்த அந்தத் தெருவுக்கு, பாடக்காரி வீட்டு விஷயம் மட்டும் பிடிபடவேயில்லை. அவள் ஜன்னல் சீலையை விலக்கினால்தானே! கம்ப்யூட்டரில் படிக்கிற பாடங்களைத் தயாரிக்கிற வேலை என்பது தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் மேலிருந்து விழுந்து தலையில் அடி என்பதும் தெரியும். ஆனால் கை கால் எல்லாம் ஒழுங்காக, சவரம் செய்த முகத்தோடு வாசலில் நிற்கிற மனுஷனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? “ஆள் ஜம்முனு இருக்கார், வேலைக்குப் போக வலிக்குது” என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

தெருவுக்குத் தெரியாதது இது: அந்த மனுஷன் நாலு வரி சேர்ந்தாற்போல் படித்தால் மூட்டை தூக்கினவர்போலச் சாய்ந்துவிடுவார். காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்பார். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுப் போய்த் தூங்குவார். பாடக்காரி ஒரு காதை ஹெட்போனிலும் இன்னொரு காதைச் சமையலறையிலும் வைத்துக்கொண்டு சம்பாதித்தாள். அவள் கண்ணுக்கடியில் இருந்த கருப்பு, மை இல்லை.

இந்த லட்சணத்தில் அவள் கம்பெனிக்கு ஒரு புது வேலை வந்தது. தலையில் அடிபட்ட பெரியவர்கள் வீட்டில் தனியாகச் சமாளிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் பாடம்.

“உங்களுக்குத்தான் மேடம் ஈஸி. வீட்டுலேயே ஆள் இருக்காரே!” என்றார் மேனேஜர், வீட்டிலேயே மாவு மிஷின் இருக்கிறதே என்பதுபோல.

அதே வாயால் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் ஆபீசுக்கே வந்தாக வேண்டும்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நாத்தனாரிடமிருந்து போன். புருஷனின் அக்கா, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்கிற தூரத்தில் இருக்கிறாள். “மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். தம்பி தனியா இருப்பான்னா இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். உன்னாலயும் எவ்வளவுதாம்மா முடியும்?”

அந்தக் கடைசி வாக்கியத்தில் பாடக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. போகட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதற்காகத்தான் அழுதாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

பாடத்தை நன்றாகத்தான் செய்தாள். ஒரு திரைக்கு ஒரே விஷயம். பெரிய எழுத்து. பின்னால் பாட்டு கிடையாது, துள்ளுகிற பொம்மை கிடையாது, நேரம் ஓடுகிற கடிகாரம் கிடையாது. எங்கே விட்டாலும் அங்கேயே திறக்கும். கொஞ்ச நேரமானால் தானே ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி நின்றுவிடும். எல்லாம் சரி. ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? கேள்விகளில் வந்து சறுக்கினாள்.

ஆபீசில் அவளுக்குப் பெயரே தப்பு விடைக்காகத்தான். சரியான விடையை யாரும் எழுதுவார்கள். சரியானதுபோலவே பல்லைக் காட்டுகிற தப்பு விடை எழுத ஒரு கை வேண்டும். முதலில் யோசித்துத் தப்பு செய்தால்தான் சரியானது மனதில் பதியும் என்பது அந்தத் தொழிலின் வேதவாக்கு. ‘கேஸ் வாசனை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘புகைபோக்கி ஃபேனைப் போட்டு வாசனையை வெளியேற்றுவேன்’ என்று ஒரு விடை வைத்தாள். எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புருஷன் அதைத்தான் அமுக்கினார். சிவப்பாகப் பெருக்கல் குறி வந்தது. ஸ்விட்ச் போட்டால் தீப்பொறி வரும், அடுப்புக் குமிழை மூடி ஜன்னலைத் திற என்று பாடம் விளக்கியது. தலையாட்டினார். மறுநாளும் ஃபேன். அதற்கடுத்த நாளும், இன்னும் வேகமாக, ஃபேன்.

“ஏங்க, வேணும்னே செய்றீங்களா?” அவள் குரல் உயர்ந்தது. தெருவுக்கே கேட்டது, தெரு நன்றியோடு கேட்டுக்கொண்டது.

“எனக்கு இது நல்லாத் தெரியுமே” என்றார் அவர் குழப்பத்தோடு. “நேத்தும் இதைத்தானே அமுக்கினேன்? கை அங்கதான் போகுது.”

பாடக்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவப்புக் குறி அவர் தலையில் நிற்கவில்லை, விளக்கம் நிற்கவில்லை. விரல் போன இடம் மட்டும் நின்றிருக்கிறது. கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தட்டு என்று கட்டின புருஷனுக்கு அவளே உட்கார்ந்து பழக்கியிருக்கிறாள்!

எல்லாத் தப்பு விடைகளையும் பிடுங்கி எறிந்தாள். குமிழ் மட்டும் உள்ள திரை, தொட்டால் மூடும். ஜன்னல் மட்டும் உள்ள திரை, தொட்டால் திறக்கும். கடைசியில் கதவு: ‘வெளியே போய் நில்லுங்கள்.’ தப்பு செய்ய இடமே இல்லை.

“என்ன மேடம் இது, கேள்வியே இல்ல? தப்பே பண்ண முடியாதுன்னா அது பாடமா?” என்றார் மேனேஜர்.

“தப்பு பண்ணா அதையே கத்துக்கறாங்க சார்.”

“க்ளையன்ட் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும் சார். வீடு எரியறதைவிட நல்லது.” இப்படி அவள் மேனேஜரிடம் பேசியதே கிடையாது. பதமாகப் பேசவும் தெம்பு வேண்டுமல்லவா.

புருஷன் அந்தப் பாடத்தைத் தினமும் செய்தார். திரையில் செய்தார், பிறகு சமையலறையிலேயே நின்று செய்தார். ஃபேன் பக்கம் கை போவது மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பையை இறக்கி வைத்தவள் காபியைக்கூடத் தொடவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், தம்பியைச் சோதித்துப் பார்க்க, பொய்யாக மூக்கைச் சுளித்தாள். “டேய் தம்பி, இங்க கேஸ் வாசனை அடிக்குதே!”

அவர் எழுந்து வந்தார். குமிழை மூடினார். ஜன்னலைத் திறந்தார். ஸ்விட்ச் போர்டைத் தாண்டும்போது பாடக்காரி அவர் கையையே பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி வெளியே போனார்.

“அட!” என்றாள் நாத்தனார். “பரவாயில்லையே!”

இருவரும் காத்திருந்தார்கள். காபி ஆறியது. அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில், காவல்காரர்போல நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறார்.

“எப்பம்மா உள்ள வருவான்?”

பாடக்காரிக்கு விடை தெரிந்திருந்தது. அவளுடைய பாடம் அங்கே முடிகிறது.

எதிர் வீட்டில் தையல் மிஷின் சத்தம் நின்றது. தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ.

“என்ன சார், வெயில் காயறீங்க?”

“கேஸ் வாசனை. வெளியே வந்து நிக்கணும்.”

“ஐயோ! சரி, அப்புறம்?”

அவர் யோசித்தார். “அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. முடிஞ்சிருச்சு.”

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நிழலில் போட்டாள். “உட்காருங்க சார்.”

ஜன்னலருகே நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “நான் கூட்டிட்டே போயிடறேம்மா. நீயும் கொஞ்சம் தூங்கு.”

தூங்கு என்ற சொல் தேனாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாடக்காரி வெளியே பார்த்தாள். ஒரு படியைக்கூட விடாமல் செய்து முடித்துவிட்டு, பாவம், அந்த மனுஷன் ஸ்டூலில் அடுத்த திரைக்காகக் காத்திருந்தார்.

“வேண்டாம் அண்ணி. அவர் சரியாத்தான் செஞ்சார். நான்தான் பாதியில விட்டுட்டேன்.”

இத்தனை நாள் சீலை போட்டு மறைத்த விஷயத்தைச் சொல்ல அவள் தெருவைக் கடந்தாள். தலையில் அடி, மறதி, அடுப்பு, ஆபீஸ் எல்லாவற்றையும் தையல்காரம்மாவிடம் கொட்டினாள். “வெளியே வந்ததும் உங்க கதவைத் தட்டச் சொல்லிக் குடுக்கட்டுமா? நீங்க எனக்கு ஒரு போன் பண்ணா போதும்.”

“தட்டட்டும். நான் எங்க போகப்போறேன்? ஆனா மறுபடி மறுபடி வந்தார்னா சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்க உட்கார வச்சிருவேன், பார்த்துக்க.”

“வைங்கக்கா.”

பாடக்காரி போனை எடுத்துத் தையல்காரம்மா வீட்டுக் கதவைப் படம் பிடித்தாள். ஒவ்வொருவர் பாடத்திலும் அவரவர் தட்ட வேண்டிய கதவின் படம் வர வேண்டும். எத்தனை வீடு, எத்தனை கதவு! மேனேஜர் குதிப்பார். குதிக்கட்டும்.

“ஏண்டி, எடுக்கறதுதான் எடுக்கறே, கொஞ்சம் தொடைச்சிட்டு எடுக்கக் கூடாதா? எல்லாரும் பார்க்கிற பாடம்கிறே.”

“இவர் மட்டும்தான்க்கா பார்ப்பார். தொடைச்சீங்கன்னா அடையாளம் தெரியாது. அழுக்கோடயே இருக்கட்டும்.”

நாத்தனார் மறுநாள் தன் பையோடு மட்டும் கிளம்பினாள். அதற்குள் புருஷன் அந்தக் கதவைப் பலமுறை தட்டியிருந்தார். தையல்காரம்மா ஒவ்வொரு முறையும் திறந்தாள். தெருவுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாடக்காரி சோபாவில் சாய்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.