டெய்லர் வயிற்றில் ஒரு வயர்

"கையப் புடிச்சுப் பாருங்க சார். நாடியே இருக்காது" என்றான் மகன். வாயெல்லாம் பல்.

சோபாவில் இருந்த டெய்லர் வழக்கம்போல் கையை நீட்டினார். மகனுடைய மேனேஜர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவியும் தொட்டுப் பார்த்து, "அட, ஆமாங்க" என்றார். டெய்லர் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது வருவார்கள், இவர் கையை நீட்டுவார்.

அவருடைய இதயம் ஓய்ந்துபோய் ஐந்தாறு வருடம் ஆகிறது. நெஞ்சுக்குள் வைத்த பம்ப்தான் ரத்தத்தை நிற்காமல் தள்ளுகிறது. அது துடிப்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நாடி தட்டுப்படாது. அதிலிருந்து ஒரு வயர் வயிற்றைத் துளைத்து வெளியே வந்து பேட்டரிக்குப் போகிறது. பேட்டரிகளைச் சுமக்க அவரே பெரிய பைகள் வைத்து ஒரு மேல்சட்டை தைத்துக்கொண்டார். தொழில்காரர் அல்லவா!

வயர் வெளியே வரும் துளைதான் பொல்லாதது. முகமூடி, கையுறை போட்டு, ஃபேனை நிறுத்தி, மருந்தால் துடைத்துக் கட்டு மாற்ற வேண்டும். வயர் அசையாமல் இருக்க இடுப்பில் ஒரு பட்டை. இதையெல்லாம் மகனை உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வருடம் அவன் கவனித்த கவனிப்பு என்ன! பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தபந்தம் முழுக்க மெச்சியது. மெச்சுகிறவர்கள் குறைந்தார்கள், கவனிப்பும் குறைந்தது. "நீங்களே மாத்திக்கங்கப்பா, நல்லாத்தான இருக்கீங்க" என்று மெல்லக் கழன்றுகொண்டான். டெய்லர் வயிற்றை எக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, ஏதோ ஒட்டிக்கொண்டார். ஆனால் வருகிறவர்களுக்கு வயரைக் காட்டப் பட்டையை அவிழ்ப்பதில் மட்டும் மகன் குறை வைக்கவில்லை.

அன்று காலையிலேயே அவர் சொல்லிப் பார்த்தார். "போன வாரம் நீ இழுத்துக் காட்டுனதுலேர்ந்து அந்த இடம் எரியுதுடா. கொஞ்சம் பாரேன்."

"இவங்க வந்துட்டுப் போகட்டும்ப்பா. என் புரமோஷன் விஷயம். கொஞ்சம் கலகலப்பாப் பேசுங்க."

இப்போது அவன் அப்பாவின் சட்டையைத் தூக்கினான். "இதான் சார் அந்த…"

மேனேஜரின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கட்டு ஊறிப்போய் மஞ்சளாகச் சீழ் ஒழுகியிருந்தது. சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்து கிடந்தது.

"முதல்ல அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போப்பா" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பம்ப்புல ஒரு கோளாறும் இல்ல. இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா கிருமி வயர் வழியா பம்ப் வரைக்கும் போயிடுச்சு. மருந்து குடுத்து அடக்கி வைக்கலாம், அடியோட போக்க முடியாது. பம்ப்ப எடுத்து வேற வைக்கலாம்னா இவர் உடம்பு தாங்காது."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"எரிச்சல் வந்த அன்னிக்கே வந்திருந்தா இருந்திருக்கும்."

மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசும்பினான். கட்டு மாற்ற நர்ஸ் தட்டோடு வந்ததும் எழுந்தான். "குடுங்க சிஸ்டர், இனிமே தினமும் நானே பண்றேன்."

"வேண்டாம். அவங்களே பண்ணட்டும்" என்றார் டெய்லர். இத்தனை நாள் அடக்கிய ஆத்திரம் அவருக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

"ஆபரேஷனுக்கு நீ அலையா அலைஞ்ச, இல்லேங்கல. அதோட அப்பா பொழைச்சுட்டான்னு முடிவு கட்டிட்ட. ஒருத்தரப் பொழைக்க வைக்கிறது ஒரு நாள் வேலை இல்லடா. அவர் இருக்கிற வரைக்கும், யாரும் பாக்காதப்பவும், தினமும் செய்ய வேண்டிய வேலை. அதுக்கு முடியாதுன்னா, என்னை அன்னிக்கே விட்டிருக்கலாம்."