இரண்டாவது பம்பின் சத்தம்

1
இந்தக் கதை ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டனில் பிறந்தது. என் வண்டியைச் சரிபார்க்க விட்டிருந்த பட்டறையில், மெக்கானிக் அதில் பேனா சொருகி மேசைமேல் வைத்திருந்தார். எப்படி ஓட்டை விழுந்தது என்று கேட்டேன். "எல்லாம் என் தம்பி புண்ணியம்," என்றார். கதை எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வரி போதாதா?

2
முதல் தொடக்கம்: அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்து...

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்து அடிதடி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.)

இன்னொன்று: அது டர்போ பூட்டிய பந்தய வண்டி. டர்போ காற்றைத் திணிக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் எஞ்சின் உருகிவிடும்.

"ஒரே பெரிய பெட்ரோல் பம்பா போட்டுடலாம்ணே," என்றான் தம்பி.

"ரெண்டு போடுடா. ஒண்ணு எப்பவும் ஓடட்டும், இன்னொண்ணு வேகம் எடுக்கும்போது சேர்ந்துக்கட்டும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்."

"மெதுவா போனா தாங்கும். வேகத்துல தாங்காதுண்ணே."

"பெரிய மேதாவி! சொன்னதைச் செய்."

(மெக்கானிக் அண்ணன் சொன்ன கதையில் தம்பி இவ்வளவு விவரமாகப் பேசவே இல்லை. நான் எங்கே கேட்டேன் என்பது நான்காம் பகுதியில்.)

3
அண்ணன் சொன்னபடி நடந்தது இது. இரண்டு பம்பும் பெட்ரோல் டாங்குக்குள். மூடும் முன் முதல் பம்பின் ஒயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை மட்டும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். தம்பி கழற்றவில்லை. டாங்கில் காதை வைத்து, "ஓடுதுண்ணே," என்றான். ஓடியது முதல் பம்ப். இரண்டாவதற்கு ஒயர் சரியாகப் பிடிக்கவே இல்லை. பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பிஸ்டன் ஓட்டையாகிப் புகை கிளம்பியது.

அன்றைக்கு வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி எல்லோர் முன்னாலும் அண்ணன் கத்தினார். "இவன் கை வெச்சதெல்லாம் நாசம். இனிமே பட்டறை வாசப்படி மிதிக்கக் கூடாது." தம்பி வாயைத் திறக்காமல் வெளியேறினான்.

4
தம்பியைத் தேடிப் போனேன். யாருடைய டயர் கடையிலோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பிளக்கைக் கழட்டாதது என் தப்புதான் சார். ஆனா சந்தேகமா இருந்துச்சு, அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் குனிஞ்சு காதை வெச்சுக் கேட்டாரு. தலையாட்டினாரு. டாங்க்கை மூடச் சொன்னாரு."

"இதை அன்னிக்கே வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"அப்பா முன்னாடியா? அண்ணனுக்கு அசிங்கமாயிடாது?"

இந்த இடத்தில் அழகாக ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன், அது... விடுங்கள்.

5
எழுதிய வரைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்தத் தலையாட்டினதை மட்டும் எடுத்துடுங்க. வீட்டுல படிப்பாங்க."

"ஆட்டினீங்களா, இல்லையா?"

பிஸ்டனில் சொருகியிருந்த பேனாவை உருவி என் கையில் கொடுத்தார்.

6
முடிவு ஒன்று: அண்ணன் டயர் கடைக்குப் போய்த் தம்பியைக் கட்டிக்கொள்கிறார். (போகமாட்டார். அந்த மூஞ்சியை நான் பார்த்தேன்.)

முடிவு இரண்டு: தம்பி சொந்தமாகப் பட்டறை போட்டு... (சினிமா.)

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். பேனாவைக் கொடுத்த அன்றைக்கு அண்ணன் வேறொரு டர்போ வண்டிக்குப் பம்ப் மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி சொன்ன மாதிரியே ஒரே பெரிய பம்ப். சாவியைத் திருப்பிவிட்டுப் பின்பக்கம் ஓடினார், டாங்கில் காதை வைத்தார்.

"கேக்குதாடா?" என்றார், பழக்க தோஷத்தில்.

அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு எந்தச் சத்தம் சரி, எது தப்பு என்று தெரியாது. அவர் நிமிராமல் அப்படியே குனிந்து கிடந்தார்.

பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான்காம் பகுதியில் அந்த ஒரு வரியை அடிக்கவா, விடவா? இதுவரை படித்த நீங்களே சொல்லுங்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகாதீர்கள்.